சென்னையிலிருந்து சிங்கப்பூர்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர், சென்னையில் தனியாக இருக்கும் அம்மாவை இரண்டு மாதம் தன்னோடு வைத்துக்கொள்ள அழைக்கிறார். அம்மாவுக்கு இதுதான் முதல் விமானப் பயணம். போகும் டிக்கெட்டில் இரவு 11.15-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.00-க்கு இறங்கும் என்று இருக்கிறது. திரும்பும் டிக்கெட்டில் இரவு 8.10-க்கு ஏறினால் 9.55-க்குச் சென்னை. போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரமா? தூரத்தைத் தேடினாலும் ஓரிடத்தில் 2,910, இன்னோரிடத்தில் 1,815, வேறோரிடத்தில் 1,577 என்று வருகிறதே, இதில் எது சரி?

எல்லாமே சரிதான், குழப்பம் அளவுகோலில். உடனே தெரிய வேண்டியது இவ்வளவு: விமான நிலையத்துக்கு விமான நிலையம் சுமார் 2,920 கி.மீ. அம்மா இருக்கையில் உட்கார்ந்திருக்கப் போவது போகும்போதும் வரும்போதும் ஏறத்தாழ நாலேகால் மணி நேரம். அதில் வானத்தில் இருப்பது மூன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம். டிக்கெட்டில் அச்சடித்திருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆறே முக்காலிலிருந்து இரண்டரையைக் கழியுங்கள், ஒன்றே முக்காலோடு இரண்டரையைக் கூட்டுங்கள், இரண்டும் நாலேகாலில் வந்து நிற்கும். அவசரமாகப் படிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். விமானங்களுக்கு வழித்திட்டம் போடும் வேலையில் பல காலம் இருந்தவன் என்பதால் எனக்கு இதில் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது.

தூரத்தை முதலில் முடித்துவிடுவோம். 2,910 என்பது நகர மையத்திலிருந்து நகர மையம் வரை அளந்தது. சென்னையில் கோட்டைப் பக்கமும் சிங்கப்பூரில் ஆற்றுமுகத்துப் பக்கமும் புள்ளி வைத்து அளந்தால் இப்படி வரும். மீனம்பாக்கமோ நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. சிங்கப்பூர் விமான நிலையமான சாங்கி, தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று கொஞ்சம் விலகி உட்கார்ந்திருப்பதால் நிலையத்துக்கு நிலையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடி 2,920 ஆகிறது. அதையே சாதாரண மைலில் சொன்னால் 1,815. விமானிகளும் கப்பல்காரர்களும் பயன்படுத்தும் கடல் மைலில் சொன்னால் 1,577. ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு போடாத தளங்களைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

இந்த 2,920 உருண்டைப் பூமியின் மேல் இழுத்துப் பிடித்த நூலின் நீளம். டெல்லியிலிருந்து நியூயார்க் போகிறவர்கள் வரைபடத்தில் விமானம் வட துருவத்துப் பக்கமாக வளைந்து போவதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். அந்த வளைவு நம் வழியில் கிடையாது. சென்னை 13 டிகிரி வடக்கு, சிங்கப்பூர் நில நடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரிதான் வடக்கு. இவ்வளவு தாழ்ந்த அட்சரேகையில், இவ்வளவு குறைந்த தூரத்தில், தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலும் வித்தியாசம் சில கிலோமீட்டர்தான்.

அந்தக் கோடு எதன்மேல் போகிறது என்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். சென்னையில் கரையைத் தாண்டியதும் கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே சாய்ந்த திசையில் வங்கக் கடலுக்குள் நுழைகிறது. அப்புறம் 1,600 கிலோமீட்டருக்கு மேல், அதாவது இரண்டு மணி நேரம், கீழே தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. முதலில் தட்டுப்படும் நிலம் கிரேட் நிக்கோபார். அதன் தென்முனையான இந்திரா முனைக்கு, அதாவது இந்தியாவின் தென்கோடிக்கு, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே அந்தக் கோடு கடக்கிறது. அடுத்த பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சுமத்ராவின் வடமுனையில், பண்டா ஆச்சேவுக்கு எதிரே இருக்கும் வே தீவின் தலைமேலேயே போகிறது. இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவில் இருப்பது சுமார் 160 கி.மீ. அகலமுள்ள ஒரு நீர்வழி, பெயர் கிரேட் சேனல். மலாக்கா ஜலசந்தியிலிருந்து சூயஸ் பக்கம் போகும் கப்பல்களும் இந்த இடைவெளியில்தான் நுழைந்து போகின்றன. நம் விமானமும் அதே வாசலில் நுழைந்துதான் ஜலசந்தியின் மேல் போகிறது.

முதலாம் ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடல் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம், இலாமுரிதேசம், கடாரம் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். மாநக்கவாரம் நிக்கோபார். இலாமுரிதேசத்தை ஆச்சே பகுதி என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். கடாரம் மலேசியாவின் கெடா. முதல் இரண்டும் நம் கோட்டின் இரு பக்கமும், மூன்றாவது சற்றுத் தள்ளி இடப்பக்கத்திலும் இருக்கின்றன. பகல் விமானம் கிடைத்து, வானம் தெளிவாக இருந்தால், போகும்போது இடப்பக்க ஜன்னலில் கிரேட் நிக்கோபாரின் பச்சையும் வலப்பக்க ஜன்னலில் சுமத்ராவின் மலைகளும் தெரியும். விமானங்கள் நூல் பிடித்த கோட்டிலேயே போவதில்லை, ஏற்கெனவே வகுத்த வான்வழிகளில் போகின்றன. அதனால் ஒரு நாள் கொஞ்சம் வடக்கே, ஒரு நாள் கொஞ்சம் தெற்கே இருக்கும். உங்கள் அம்மா போவது இரவில், திரும்புவதும் இரவில். அவருக்குத் தெரியப் போவது கடைசி ஒரு மணி நேரத்தில் ஜலசந்தியில் வரிசை கட்டி நிற்கும் கப்பல் விளக்குகள்தான். அதுவும் மோசமில்லை.

இந்த மூலைக்கு நமக்கெல்லாம் மறக்க முடியாத இன்னொரு தொடர்பும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரம் ஆறரை மணி வாக்கில், சுமத்ராவின் வடமேற்குக் கடலில்தான் அந்த நிலநடுக்கம் வந்தது. இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை மெரினாவில் இருந்தது. ஆழ்கடலில் சுனாமி மணிக்கு 600 கி.மீ.க்கு மேல் போகும். ஜெட் விமானம் இரண்டு மணி நேரத்தில் தாண்டும் கடலை அந்த அலை எவ்வளவு நேரத்தில் தாண்டியது என்று பார்த்தால் அந்தக் காலையின் வேகம் புரியும்.

சரி, நேரத்துக்கு வருவோம். இணையத்தில் இருக்கும் தூரக் கணிப்பான்கள் பெரும்பாலும் ஒரே சூத்திரத்தைத்தான் வைத்திருக்கின்றன: தூரத்தை 800-ஆல் வகு, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர். 2,920-ஐ 800-ஆல் வகுத்தால் 3 மணி 39 நிமிடம், அரை மணி சேர்த்தால் 4 மணி 9 நிமிடம். தற்செயலாக இது டிக்கெட் நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனால் விமான நிறுவனம் நேரத்தை இப்படிப் போடுவதில்லை. அவர்கள் போடுவது பிளாக் டைம். நின்ற இடத்தில் சக்கரக் கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பிக்கும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நொடி வரை. ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, முன்னால் இருக்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, இறங்கியபின் கேட் தேடிப் போவது எல்லாம் இதில் அடக்கம். இரண்டு பக்கமும் சேர்த்துச் சாதாரண நாளில் 25 முதல் 30 நிமிடம் தரையிலேயே கரையும். அதற்கு மேல் தாமதத்தைச் சமாளிக்கக் கொஞ்சம் கூட்டியும் வைப்பார்கள். அரை மணி லேட்டாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம் என்று விமானி ஒலிபெருக்கியில் சொல்லும்போது, அதில் பாதி அவருடைய திறமை, பாதி அட்டவணை போட்டவருடைய முன்ஜாக்கிரதை.

விமானத்தின் ரகமும் கணக்கில் வரும். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் மேலே போனபின் மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும். போயிங் 787, ஏர்பஸ் 350 போன்ற அகலமான விமானங்கள் 900-ஐத் தொடும். இந்தத் தூரத்தில் அந்த வித்தியாசம் பதினைந்து நிமிடத்துக்குப் பக்கம் வரும். ஒரே வழிக்கு ஒரு நிறுவனம் 4 மணி 5 நிமிடம் என்றும் இன்னொன்று 4 மணி 25 நிமிடம் என்றும் போட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். முழங்கால் வலி இருக்கிறவர்களுக்கு அந்த இருபது நிமிடத்தைவிட நடைபாதை ஓர இருக்கை முக்கியம்.

இப்போது காற்று. "கிழக்கே போகும்போது சீக்கிரம் போகும், மேற்கே வரும்போது நேரமாகும்" என்று ஒரு பொதுவிதி ஊரெல்லாம் உலவுகிறது. காரணம் கேட்டால் பூமி சுழல்கிறது என்பார்கள். பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் விமானமும் ஏற்கெனவே சுழன்றுகொண்டுதான் இருக்கின்றன, அதனால் பூமி கீழே நகர்ந்து நமக்கு வழியைச் சுருக்கித் தராது. நேரத்தை மாற்றுவது உயரத்தில் வீசும் காற்று. வட இந்தியா, சீனா, ஜப்பான் அட்சரேகைகளில் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் கடுமையாக வீசும். டெல்லியிலிருந்து டோக்கியோ போக ஏழரை, எட்டு மணி நேரம், திரும்பி வர ஒன்பதரை, பத்து மணி நேரம் என்று இருப்பது அதனால்தான். அங்கே அந்தப் பொதுவிதி சரி.

சென்னை–சிங்கப்பூர் வழி அந்தக் காற்றுக்குத் தெற்கே கிடக்கிறது. குளிர்காலத்தில் இங்கே உயரக் காற்று மெல்லியது, போக வர பெரிய வித்தியாசம் இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழாகிவிடும். கோடையில் திபெத் பீடபூமி சூடேறி, அதன்மேல் உயரத்தில் ஓர் உயரழுத்தம் உண்டாகிறது. அதன் தென்பக்க விளிம்பில், தென்னிந்தியாவுக்கு மேலாக, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெரிய காற்றோட்டம் ஓட ஆரம்பிக்கிறது. இதை 1958-ல் விரிவாக விளக்கி எழுதியவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். அதன் உச்ச வேகம் 14 முதல் 16 கி.மீ. உயரத்தில். விமானம் பறப்பது 11, 12 கி.மீ.யில், அதனால் முழு வேகம் படாது, ஒரு பங்குதான் படும். அந்தப் பங்கே போதும். மணிக்கு 70 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொண்டால், சிங்கப்பூர் போகும் பயணம் சுமார் இருபது நிமிடம் நீளும். அதே காற்று திரும்பி வரும்போது முதுகைத் தள்ளும். ஆக, ஜூலையில் நம் வழியில் கிழக்கே போவதுதான் மெதுவு, மேற்கே வருவதுதான் வேகம்.

இதில் ஒரு வேடிக்கை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்கிற அந்தக் காற்று தரையில் மேற்கிலிருந்து வீசுகிறது. அதே ஆடி மாதத்தில், அதே சென்னைக்கு மேலே 12 கிலோமீட்டரில், காற்று நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறது. சிங்கப்பூர் விமானத்துக்கு இந்த இரண்டுமே பாதகம். மேல்காற்று எதிர்த்து நிற்பதைச் சொல்லிவிட்டேன். தரைக்காற்று எப்படி என்றால், விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் மேலெழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுதளம் ஏறத்தாழ கிழக்கு–மேற்காகக் கிடக்கிறது. காற்று கடலிலிருந்து வீசும் நாட்களில் விமானம் பரங்கிமலையை ஒட்டி எழும்பி, அடையாறு பக்கமாகச் சில நிமிடத்தில் கடலுக்கு மேல் போய்விடும். சிங்கப்பூர் திசையும் அதுதான். மேல்திசைக் காற்று பலமாக இருந்தால் ஓட்டம் மறுபக்கம். பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம் எழும்பி, ஊரைச் சுற்றித் திரும்பி, அப்புறம்தான் கடலைப் பார்க்கும். இதில் ஐந்து பத்து நிமிடம் போகும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் "கடலையே காணோமே, தப்பான ஃப்ளைட்டில் ஏறிவிட்டேனா" என்று பயப்பட வேண்டியதில்லை. திரும்பி வரும்போது இதே காற்று உதவி செய்யும். கடலிலிருந்து நேராக வந்து, பரங்கிமலையைத் தாண்டி இறங்கிவிடலாம்.

சாங்கி பக்கத்துக் கதை வேறு. அங்கே ஓடுதளங்கள் வடக்கு–தெற்காகக் கிடக்கின்றன. நம் விமானம் வடமேற்கிலிருந்து வருகிறது. ஜோகூர் பக்கமாக வடக்கிலிருந்து இறங்கச் சொன்னால் சீக்கிரம். தெற்கிலிருந்து இறங்கச் சொன்னால் பாத்தாம் தீவுப் பக்கம் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இதைவிட முக்கியம், ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவில் உருவாகி ஜலசந்தியைத் தாண்டி வரும் இடிமழை வரிசை. அங்கே அதற்குப் பெயரே 'சுமத்ராஸ்' என்பதுதான். பெரும்பாலும் விடிவதற்கு முன்னும் காலையிலும் வரும். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் போய்ச் சேரும் அதே நேரம்! அந்த மாதிரிக் காலைகளில் இறங்க வரிசை போட்டு, வானத்தில் வட்டமடித்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் குலுங்கும். பெல்ட்டைத் தளர்த்தாமல் போட்டுக்கொண்டே தூங்கச் சொல்லுங்கள், போதும்.

இரண்டரை மணி நேர வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. சூரியனைக் கேட்டால் அந்த வித்தியாசம் அவ்வளவு இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே தீர்க்கரேகையில் ஏறத்தாழ 24 டிகிரி. டிகிரிக்கு நாலு நிமிடம் என்றால் 1 மணி 35 நிமிடம்தான். மீதி ஐம்பத்தைந்து நிமிடமும் அரசாங்கங்கள் சேர்த்தது. சிங்கப்பூர் கடிகாரம் 1905-ல் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னால் இருந்தது, 1933-ல் 7 மணி 20 நிமிடம், 1941-ல் ஏழரை. ஜப்பானியர் பிடித்ததும் 1942-ல் டோக்கியோ நேரமாக 9 மணி. போர் முடிந்ததும் மறுபடி ஏழரை. 1982 ஜனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியா தன் கிழக்கு மாநிலங்களோடு ஒரே நேரத்துக்கு வருவதற்காகக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ள, சிங்கப்பூரும் கூடவே தள்ளி 8 மணிக்கு வந்தது. அதற்கு முன் போய் வந்த பெரியவர்கள் "ரெண்டு மணி நேர வித்தியாசம்தானே" என்று சொன்னால் அவர்களைத் திருத்தாதீர்கள், அவர்கள் காலத்துக்கு அது சரி.

இதன் விளைவை அம்மா முதல் நாளே உணர்வார். சிங்கப்பூரில் வருடம் முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது. ஆறு மணிக்கு இறங்கும்போது வெளியே கும்மிருட்டாக இருக்கும். கோலம் போட்டுப் பழகிய கை, விடிந்துவிட்டதா இல்லையா என்று ஒரு வாரம் குழம்பும். சென்னையில் அச்சடித்த தினசரிக் காலண்டரைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தால் ராகு காலம், எமகண்டம் எல்லாம் அங்கே ஒத்துவராது. அவை உள்ளூர்ச் சூரிய உதயத்தை வைத்து எண்ண வேண்டியவை. அங்கே தமிழர்களுக்கென்று உள்ளூர் நேரத்தில் கணித்த காலண்டர்கள் கிடைக்கும், ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

நேரடி விமானம் விலை அதிகமாக இருக்கிறது, கோலாலம்பூர் வழியாகவோ கொழும்பு வழியாகவோ போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தூரக் கணக்கில் கோலாலம்பூர் ஓர் அதிசயம். சென்னை–கோலாலம்பூர் சுமார் 2,630 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 300 கி.மீ. கூட்டினால் நேர்வழியோடு வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஏனென்றால் கோலாலம்பூர் விமான நிலையம் நம் கோட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் தள்ளி இருக்கிறது. கொழும்பு வழியாகச் சுற்றினால் ஐந்நூறு கிலோமீட்டர் வரை கூடும். ஆனால் கிலோமீட்டர் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இறங்கி, அடுத்த விமானத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி ஏறி இறங்குவதற்குள் ஏழு எட்டு மணி நேரம் ஓடிவிடும். இள வயதுக்காரர் மிச்சம் பிடிக்க அப்படிப் போகலாம். முதல் முறையாகத் தனியாக வரும் ஒரு அம்மாவை அப்படி அனுப்புவது, என் கருத்தில், மிச்சம் பிடிக்கும் இடமே அல்ல.

சொந்த ஊர் டெல்டா பக்கமோ மதுரைப் பக்கமோ என்றால் சென்னைக்கே வர வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ., மதுரையிலிருந்து 3,010, கோயம்புத்தூரிலிருந்து 3,160. பறக்கும் நேரம் சென்னையைவிடப் பத்து, இருபது நிமிடம்தான் கூட. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு ராத்திரி முழுக்கப் பேருந்தில் வந்து, அப்புறம் விமானம் ஏறுவதைவிட, திருச்சியில் ஏறுவது எவ்வளவோ மேல். அதனால்தான் திருச்சி–சிங்கப்பூர் விமானங்களில் எப்போதும் கூட்டம்.

கப்பலில் போன காலம் ஒன்று இருந்தது. 1926-ல் ஓட ஆரம்பித்த ரஜுலா என்ற கப்பலும், அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரமும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று தொட்டுக்கொண்டு சிங்கப்பூர் போகும். ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல பேர். 1985-ல் சிதம்பரம் கப்பல் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து முடிந்துபோனது. இன்று சரக்குக் கப்பல்தான். கப்பல் வழியும் விமான வழியும் அதே கிரேட் சேனல் வாசலில் நுழைவதால் தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது; மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் நாலரை நாள் ஆகும். தரைவழியாக, மணிப்பூர், மியான்மர், தாய்லாந்து, மலேசியா என்று சுற்றினால் தூரம் இரண்டு மடங்குக்கும் மேல். மியான்மர் இருக்கிற நிலையில் அதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

கடைசியாக, அம்மாவுக்காக. பெரிய கண்ணி ஒன்று இந்த வழியில் இருக்கிறது: நள்ளிரவைத் தாண்டிக் கிளம்பும் விமானங்கள். 15-ஆம் தேதி 00.40 என்று டிக்கெட்டில் இருந்தால், 14-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி சாயங்காலம் பெட்டி கட்டி, இரவு போய் நின்று, விமானம் நேற்றே போய்விட்டது என்று கேட்டவர்கள் நிறையப் பேர். உங்கள் டிக்கெட் 11.15 என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நேரம் மாற்றி எடுத்தால் இதைப் பாருங்கள்.

சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், முதல் நாள் மாத்திரையை எந்த ஊர் நேரப்படி போடுவது என்று அவருடைய டாக்டரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம். சக்கர நாற்காலி வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லி வையுங்கள். நடக்க முடிகிறவர்களுக்கும் சாங்கியின் நீளத்துக்கு அது உதவும், வழி கேட்டு அலைய வேண்டியதும் இல்லை. சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத்துடையது அல்ல. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அந்தப் பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், வாயில் மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை.

தூக்கம் அதிகம் கிடைக்காது. கிளம்பி ஒரு மணி நேரம் வரை சாப்பாடு, தட்டு எடுப்பது என்று விளக்கு எரியும். இறங்க நாற்பது நிமிடம் இருக்கும்போது மறுபடி எழுப்பிவிடுவார்கள். நடுவில் கிடைப்பது இரண்டு மணி நேரம். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து, ஏறினதும் கண்ணை மூடிக்கொள்வது உத்தமம். இறங்கும் நாளில் அவரை எங்கேயும் அழைத்துப் போகத் திட்டம் போடாதீர்கள். காலை ஆறு மணி என்பது அவர் உடம்புக்கு அதிகாலை மூன்றரை.

நீங்கள் சாங்கிக்குப் போக வேண்டிய நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். விமானம் சென்னையில் எப்போது நகர்ந்தது என்பதைவிட, எப்போது மேலெழும்பியது என்று பாருங்கள். விமானங்களைத் தொடரும் செயலிகளில் அது தெரியும். அதோடு மூன்றே முக்கால் மணி நேரம் கூட்டி, நேர வித்தியாசம் இரண்டரையைச் சேர்த்தால் சாங்கியில் சக்கரம் தரையைத் தொடும் நேரம், ஐந்து பத்து நிமிடம் முன்பின்னாகக் கிடைத்துவிடும். அங்கிருந்து கேட், குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர முக்கால் மணி நேரமாவது ஆகும். ஆறு மணி விமானத்துக்கு ஆறரைக்குப் போய் நின்றால் சரியாக இருக்கும்.